இடது கை மூக்குக்கு முன்னால் விழுகிறது: ஃப்ரீஸ்டைலில் கை இறக்குவதைத் திருத்துவது எப்படி?

வாவிக்கரையான் | 3 ஏப்ரல், இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மட்டக்களப்புக் கல்லடி, வயது 38. சின்ன வயதில் வாவியில் விழுந்து எழும்பிப் பழகிய நீச்சல்தான் என்னுடையது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு அடிப்பேன். கைகளை மாறி மாறி முன்னால் வீசுகிற ஃப்ரீஸ்டைலை முறையாகப் பழகத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கிழமைக்கு மூன்று நாள் தடாகத்துக்குப் போகிறேன், நிற்காமல் 400 மீற்றர் போவேன். ஆகஸ்டுக்குள் பாசிக்குடாக் கடலில் 1500 மீற்றர் நீந்திவிட வேண்டும் என்று ஆசை.

போன கிழமை கூட்டாளி ஒருவன் தடாகத்தின் மறுமுனையில் நின்று போனில் படம் எடுத்தான். அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் தடாகப் பக்கமே போகவில்லை. என் கை நேராகப் போகிறது என்றுதான் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். படத்தில் இடது கை மூக்கைத் தாண்டி வலது பக்கம் போய் விழுகிறது. வலது கை பெருவிரல் கீழே, உள்ளங்கை வெளியே பார்த்தபடி இறங்குகிறது. கூடவே முழங்கையும் விழுவதால் படார் என்று சத்தம். உடம்பு பாம்பு மாதிரி நெளிகிறது. 25 மீற்றர் போக 26 தடவை கை வீசுகிறேன். மூச்சு வலது பக்கம் மட்டும்தான் எடுப்பேன்.

பெருவிரலைக் கத்தி மாதிரி முதலில் விட வேண்டும் என்று பள்ளிக்கூடக் காலத்தில் ஒருவர் சொல்லித் தந்தது. அதை இப்போது மாற்ற வேண்டுமா? இன்னொன்று, வலது தோள் இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் வலிக்கிறது.

தாழங்குடா 7 | 3 ஏப்ரல், இரவு 9.40

உயரம் எவ்வளவு அண்ணன்? 26 கூடத்தான்.

வாவிக்கரையான் | 3 ஏப்ரல், இரவு 9.43

5 அடி 6.

தாழங்குடா 7 | 3 ஏப்ரல், இரவு 9.44

அப்ப நிச்சயமாகக் கூட.

நாலாம் லேன் | 4 ஏப்ரல், காலை 6.05

தம்பி, பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறவன் நான். நீங்கள் எழுதியதில் பாதி வாரா வாரம் என் கண் முன்னால் நடக்கிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் பெருவிரல் கதை. உங்களுக்குச் சொல்லித் தந்தவர் பிழையாகச் சொல்லவில்லை, அவர் பழகிய காலத்தில் அதுதான் பாடம். 1960, 70களில் ஜேம்ஸ் கவுன்சில்மன் என்ற அமெரிக்கப் பயிற்றுநர் நீருக்கடியில் படம் எடுத்து, நல்ல நீச்சல்காரர்களின் கை நேராகப் பின்னால் வராமல் வளைந்து வருவதைக் காட்டினார். 1972இல் ஏழு தங்கம் எடுத்த மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பழகியவர்தான். அதற்குப் பிறகு உலகம் முழுக்க, ஆங்கில எஸ் எழுத்துப் போல இழு என்று சொல்லத் தொடங்கினார்கள். பெருவிரலை முதலில் விட்டு வெளிப்பக்கம் வழித்துக்கொண்டு போனால் அந்த வளைவு சுலபமாக வரும். இப்போது அதை யாரும் பெரிதாகப் பழக்குவதில்லை. வெளியே வழிக்கிற நேரம் வீண். தோளுக்கும் கேடு.

இப்போது சொல்வது இதுதான். நடுவிரல் நுனி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும். உள்ளங்கை தடாகத்தின் அடியைப் பார்க்க வேண்டும். விரலை விட மணிக்கட்டு உயரத்தில், மணிக்கட்டை விட முழங்கை உயரத்தில். இறங்கும் இடம் உங்கள் தோளுக்கு நேர் முன்னால், தலையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழங்கை நீளத்தில். கையை முழுதாக நீட்டி முடித்துவிட்டுத் தண்ணீரில் போடக் கூடாது. பாதி வழியில் இறக்கி, மிச்சத்தைத் தண்ணீருக்குள்ளே முன்னால் நீட்ட வேண்டும். சட்டைக் கைக்குள் கையை நுழைக்கிறோமே, அதே மாதிரி. விரல் போன ஓட்டையாலேயே மணிக்கட்டும் முழங்கையும் போக வேண்டும். நீட்டி முடியும்போது கை ஒரு சாண் ஆழத்தில் இருந்தால் போதும். விரல்களை இறுக்கி ஒட்ட வேண்டாம், சும்மா விட்டபடி இருக்கட்டும்.

இதையெல்லாம் நீந்தும்போது யோசித்தால் மூழ்கிப் போவீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் எடுங்கள்: இரண்டு கையையும் அகலமாகப் போடுங்கள், அளவுக்கு மீறி அகலமாக, வெட்கப்படும் அளவுக்கு. ஒரு கிழமை கழித்து மறுபடியும் படம் எடுங்கள்.

அறுகம்பே அலை | 4 ஏப்ரல், மதியம் 12.31

பொத்துவிலில் இருந்து எழுதுகிறேன். எனக்கு இந்த முழங்கை உயர்த்துகிற கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஜெனட் எவன்ஸ் காற்றாடி சுழல்கிற மாதிரி கையை நீட்டி வீசித்தான் நீந்தினார். 1988 சியோலில் மூன்று தங்கம். அதே வருடம் 1500 மீற்றரில் அவர் வைத்த 15 நிமிடம் 52.10 செக்கன் சாதனை 2007 வரை நின்றது. ஆண்களில் மைக்கல் கிளிம் 2000 சிட்னியில் நீட்டிய கையோடு 100 மீற்றரை 48.18இல் முடித்து உலக சாதனை வைத்தார். கடலில் அலை வந்தால் முழங்கையை மடக்கிக்கொண்டு போகிறவனின் கைதான் முதலில் அலையில் தட்டும். நான் கடலில் நீட்டித்தான் வீசுகிறேன்.

நாலாம் லேன் | 4 ஏப்ரல், பிற்பகல் 3.10

அறுகம்பே தம்பி, கதை இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். காற்றில் கை எப்படி வருகிறது என்பது ஒன்று, தண்ணீரில் எங்கே, எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்பது இன்னொன்று. நீட்டி வீசுகிறவரும் தோளுக்கு நேரே விரல் நுனியால்தான் இறக்க வேண்டும். காற்றில் மடக்குவதா நீட்டுவதா என்பது அவரவர் உடம்பு. இவருடைய சிக்கல் அதுவல்ல. கடல் அலையில் கையைக் கொஞ்சம் உயர்த்தி வர வேண்டும் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

அறுகம்பே அலை | 4 ஏப்ரல், பிற்பகல் 3.22

சரி, அதில் சண்டை இல்லை.

புளியந்தீவுக் கிழவன் | 4 ஏப்ரல், இரவு 8.02

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வந்தார். 51 மணித்தியாலம். அதற்கு முன்னால் 1954இல் நவரத்தினசாமி ஒரு பக்கம் நீந்தினார். அவர்களுக்கு யார் போனில் படம் எடுத்தார்கள்? நீங்கள் 25 மீற்றருக்குள் நின்று விரலை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

தாழங்குடா 7 | 4 ஏப்ரல், இரவு 8.15

ஐயா, அவர்கள் பாக்கு நீரிணையில் போனார்கள். இவர் பாசிக்குடாவில் போகப் போகிறார், அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடந்தே போகலாம். :)

எலும்பும் தசையும் | 5 ஏப்ரல், காலை 7.48

நான் இயன்மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன். நீச்சல் கதையை விட எனக்கு அந்தத் தோள் வலிதான் பெரிது. அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலிக்கிறது என்பதை லேசாக எடுக்காதீர்கள்.

உங்கள் தோளின் மேலே எலும்பால் ஒரு கூரை இருக்கிறது. அதற்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்தால் ஒரு தசைநார் போகிறது. கையை முன்னால் உயர்த்தி, பெருவிரல் கீழே வரும்படி உள்ளே திருகினால் அந்த இடம் இன்னும் ஒடுங்கும். கையை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோனாலும் அதேதான். உங்கள் வலது கை முதலாவதைச் செய்கிறது. இடது கை இரண்டாவதைச் செய்கிறது, அது இன்னும் வலிக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

கெனடி, ஹோக்கின்ஸ் என்ற இருவர் 1974இல் எழுதிய பிறகுதான் நீச்சல்காரர் தோள் என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. அவர்கள் பெயரில் ஒரு சோதனையும் இருக்கிறது: நோயாளியின் கையை முன்னால் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, உள்ளே திருகிப் பார்ப்போம். வலித்தால் அந்தக் கூரைக்கடியில் சந்தேகம். அதாவது வலி வருகிறதா என்று பார்க்க நான் வேண்டுமென்றே செய்கிற திருகலை நீங்கள் தண்ணீரில் செய்துகொண்டிருக்கிறீர்கள். 25 மீற்றருக்கு 26 கை என்றால் 1500 மீற்றருக்கு 1560. ஒரு தோளுக்கு 780 தடவை.

ஆகவே இரண்டு கிழமை தூரத்தைக் குறையுங்கள், கையில் மாட்டுகிற பெடிலைத் தொடாதீர்கள், ஒரு வைத்தியரிடம் நேரில் காட்டுங்கள். இணையத்தில் யாரும், நான் உட்பட, உங்கள் தோளைத் தொட்டுப் பார்க்கவில்லை.

வாவிக்கரையான் | 5 ஏப்ரல், காலை 8.20

அந்த 780 வாசித்ததும் தோள் இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது அக்கா. காட்டுகிறேன்.

மருதமுனை ரீச்சர் | 5 ஏப்ரல், இரவு 9.30

சகோதரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை இறக்குவதற்குப் பயிற்சி என்று தேடினால் முதலில் வருவது ஒரு கை முன்னால் காத்திருக்க மற்றக் கை வந்து தொடுகிற பயிற்சி. நான் சிறுமிகளுக்கு அதைக் கொடுத்துக் கெடுத்திருக்கிறேன். கையைக் கையால் தொடச் சொன்னால் இரண்டும் நடுவில்தான் சந்திக்கும். ஏற்கெனவே குறுக்கே போகிற பிள்ளை இன்னும் குறுக்கே போகும். இப்போது தொட விடுவதில்லை, இரண்டு கைக்கும் நடுவில் தோளகலம் இடைவெளி விட்டு, தண்டவாளத்தில் போகிற மாதிரி போகச் சொல்கிறேன். விரல் நுனியால் தண்ணீரை உரசிக்கொண்டே கையை முன்னால் கொண்டுவருவது அதைவிடப் பயன்.

இன்னொன்று ஆண்களுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் நீளக் கை உடுப்போடுதான் நீந்துவார்கள். உடுப்பு தளர்வாக இருந்தால் முழங்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கித் தொங்கும். அந்தப் பாரத்தில் கை பாதி வழியிலேயே விழும். ஒரு வருடம் முழுக்க ஒரு பிள்ளையை முழங்கையைத் தூக்கு, தூக்கு என்று ஏசினேன். உடம்போடு ஒட்டுகிற உடுப்பு வந்த அன்றைக்கு அது தானாக உயர்ந்தது. நீங்கள் பருத்தி ரீசேட் போட்டா நீந்துகிறீர்கள்?

வாவிக்கரையான் | 5 ஏப்ரல், இரவு 9.51

இல்லை ரீச்சர், ஒட்டுகிற சட்டைதான். அந்தச் சாட்டும் எனக்கு இல்லை.

முகத்துவாரம் | 6 ஏப்ரல், இரவு 10.17

எனக்கு உங்கள் அளவுக்கு நீச்சல் சாத்திரம் தெரியாது. எங்கள் அப்பா வாவியில் தோணி வலித்தவர். இரவில் வலை போடப் போனால் துடுப்பைச் சத்தமில்லாமல் விட வேண்டும், சத்தம் கேட்டால் மீன் கலையும். நான் சின்னப் பிள்ளையாக முன்னால் இருந்து சளார் சளார் என்று அடிப்பேன், தலையில் குட்டு விழும். துடுப்பின் நுனி முதலில் போக வேண்டும். மறுகாதான் அகலம் முழுக்க அமிழும். அமிழ்ந்து முடிகிறவரை இழுக்கக் கூடாது. பாதி அமிழ்ந்ததை இழுத்தால் காற்றையும் சேர்த்து இழுக்கும், பின்னால் குமிழி குமிழியாக வரும், தோணி இருந்த இடத்திலேயே ஆடும். நிலாக் காலத்தில் அதே துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார் அப்பா. கேட்டதாக நானும் சொல்லிக்கொள்வேன்.

உங்கள் கையோடு குமிழி போகிறதா என்று பாருங்கள்.

நாலாம் லேன் | 7 ஏப்ரல், காலை 5.58

முகத்துவாரம் அண்ணன் சொன்னது என் பாடத்தை விட நல்ல பாடம். கை தட்டையாக விழுந்தால் உள்ளங்கையில் காற்று ஒட்டிக்கொண்டு போகும். வெள்ளைப் பந்து மாதிரி தெரியும். அந்தக் கையால் இழுத்தால் பிடி கிடைக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு உங்கள் கையையே பாருங்கள். நீட்டி முடிவதற்குள் குமிழி கழன்றுவிட வேண்டும்.

வாவிக்கரையான் | 19 ஏப்ரல், இரவு 8.45

புத்தாண்டுக்குப் பிறகு வருகிறேன். பலகாரம் உள்ளே போன கணக்கைக் கேட்காதீர்கள்.

வைத்தியரிடம் காட்டினேன். கிழிவு ஒன்றும் இல்லை, வீக்கம்தான் என்றார். பத்து நாள் காலடி, அதாவது காலால் தண்ணீரை அடிப்பது மட்டும் பழகினேன், மறுகா மெதுவாகக் கையைத் தொடங்கினேன்.

நாலாம் லேன் அண்ணன் சொன்னபடி அகலமாகப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோல் கம்பம் இரண்டையும் கட்டிப்பிடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. பக்கத்து லேன்காரருக்கு அடிபடும் என்று பயந்தேன். படத்தைப் பார்த்தால் கை சரியாகத் தோளுக்கு நேரே இறங்குகிறது. தோளை விட்டு ஒரு அங்குலம் கூட வெளியே இல்லை! இத்தனை நாளும் நேர் என்று எனக்குத் தோன்றியது குறுக்கு, இப்போது கோணல் என்று தோன்றுவது நேர். உடம்பு இப்படிப் பொய் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை.

வலது கை விரல் நுனியால் இறங்கப் பழகிவிட்டது, தோளும் பரவாயில்லை. ஆனால் இடது கை ஒரு தடவை சரி, ஒரு தடவை பிழை. ஏன் என்று விளங்கவில்லை.

நாலாம் லேன் | 19 ஏப்ரல், இரவு 9.02

ஒரு தடவை விட்டு ஒரு தடவை என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. நாளைக்கு ஒன்று செய்யுங்கள். சுவரைத் தள்ளி ஆறு கை மூச்சு எடுக்காமல் நீந்துங்கள். படம் எடுங்கள். மறுபடியும் அதே தூரம், வழக்கம்போல மூச்சு எடுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாவிக்கரையான் | 21 ஏப்ரல், இரவு 7.36

மூச்சு எடுக்காத ஆறு கையிலும் இடது கை நேர். மூச்சு எடுத்ததில், எடுக்கிற தடவை மட்டும் குறுக்கே. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தலை வலது பக்கம் திரும்புகிறது, திரும்பும்போது கொஞ்சம் மேலேயும் எழும்புகிறது, இடது கை உடனே தலைக்குக் கீழே ஓடி வந்து தலையணை மாதிரி முட்டுக் கொடுக்கிறது.

நாலாம் லேன் | 21 ஏப்ரல், இரவு 7.55

அதுதான். கையில் பிழையே இல்லை. தலை எழும்பினால் கால் தாழும், உடம்பு விழப் போகிறேன் என்று நினைக்கும். முன்னால் இருக்கிற ஒரே கை எது? இடது. அது காப்பாற்ற ஓடி வருகிறது. நீங்கள் வாவியில் பழகிய நீச்சலின் மிச்சம் இது, தலை இன்னும் மேலே வரத்தான் பார்க்கும். இனிக் கையைத் திருத்த வேண்டாம், தலையைத் திருத்துங்கள்.

மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் வெளியே. வலது கை பின்னால் தண்ணீரை விட்டு வெளியே வருகிற நேரத்தில் வாய் காற்றை எடுத்துவிட வேண்டும். அந்தக் கை முகத்தைத் தாண்டி முன்னால் வருவதற்குள் முகம் திரும்பித் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். முகம் சுணங்கினால் வலது கையும் அவசரத்தில் படாரென்று விழும். உங்கள் முதல் படத்தில் கேட்ட சத்தத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

பழக: இடது கையை முன்னால் நீட்டி, வலது கையைத் தொடையில் வைத்து, பக்கவாட்டில் படுத்துக் காலடி மட்டும். கன்னம் தோளில் சாயட்டும், இடது கையை அழுத்தாதீர்கள். ஆறு காலடிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். அலுப்பான பயிற்சி, இதை விடச் சுருக்கு வழி எனக்குத் தெரியாது.

மருதமுனை ரீச்சர் | 21 ஏப்ரல், இரவு 8.40

முகத்துக்கு நேரே நிற்கிற ஸ்நோர்க்கல், அதாவது மூச்சுக் குழாய் ஒன்று யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது. மூச்சுக் கவலை இல்லாமல் கையை மட்டும் பழகலாம். ஆனால் அதிலேயே இருந்துவிடாதீர்கள், கழற்றிய அன்றைக்குத் தலை பழையபடி எழும்பும்.

புளியந்தீவுக் கிழவன் | 22 ஏப்ரல், காலை 6.30

நான் தொடக்கத்தில் ஏளனமாக எழுதிவிட்டேன். அந்தப் படத்தைப் பிரித்துப் பார்த்த விதம் பிடித்திருக்கிறது. இடது பக்கமும் மூச்சு எடுக்கப் பழகு மகன். கடலில் அலை வலது பக்கத்தால் வந்தால் என்ன செய்வாய்?

வாவிக்கரையான் | 17 மே, இரவு 9.10

நான்கு கிழமைக் கணக்கு. 25 மீற்றருக்கு 21, நல்ல நாளில் 20. தோள் வலி இல்லை. முதல் 300 மீற்றர் வரை இடது கை நேர். அதற்குப் பிறகு களைப்பு வந்ததும் தலை எழும்புகிறது, கை பழைய இடத்துக்கு ஓடுகிறது. இடது பக்க மூச்சில் பாதி தண்ணீர்தான் குடிக்கிறேன் ஐயா.

சனிக்கிழமை பாசிக்குடாவில் முதல் தடவை பார்க்கலாம் என்று இருக்கிறேன். தனியாகப் போகப் பிரியமில்லை. வீட்டிலும் விட மாட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல் என்றால் அம்மா எழும்பி உள்ளே போய்விடுவா.

அறுகம்பே அலை | 17 மே, இரவு 9.25

நான் வாறன். வெள்ளன இறங்கினால்தான் நல்லது. கச்சான் காற்று எழும்பினால் அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். தண்ணீர் பார்வைக்குத் தட்டையாக இருக்கும், திரும்பி வரும்போதுதான் தெரியும். கரையோடு ஒட்டி, கால் எட்டுகிற ஆழத்தில் போவோம். கலர் தொப்பி போடுங்கள்.

முகத்துவாரம் | 17 மே, இரவு 9.41

எனக்கு நீந்த ஏலாது, கரையில் இருந்து உடுப்புப் பார்க்கிறேன். போனுக்குத் தண்ணீர் புகாத உறை என்னிடம் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முன்னால் இருந்து படம் எடுத்துத் தாறன். அங்கே தண்ணீர் தெளிவு, குமிழி இருந்தால் ஒளிக்க முடியாது.

வாவிக்கரையான் | 17 மே, இரவு 9.44

சரி. ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தடியில் நிற்கிறேன். தேத்தண்ணி என் கணக்கு.